நூல் மாதிரி வந்த தண்ணீர்

எனக்குச் சோறு போடுவது ஃப்ளோ மீட்டர். அத்திப்பட்டுப் பக்கம் ஓர் அனல் மின்நிலையத்தில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன் வேலை. எந்தக் குழாயில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று காட்டும் கருவிகளைப் பார்த்துக்கொள்கிறேன். அப்படிப்பட்டவன் சொந்த வீட்டுச் சமையலறையில் கட்டைவிரல் அளவு சென்சார் ஒன்றின் மேல் வீண்பழி போட்ட கதை இது. பழி சென்சாரோடு நிற்கவில்லை, அம்மா மேலும் விழுந்தது.

வீடு திருப்பாலைவனத்தில். பழவேற்காடு பக்கத்தில் இருக்கும்போது மடவைக்கும் இறாலுக்கும் பஞ்சமில்லை. பாத்திரத்தில் கவிச்சிக்கும் பஞ்சமில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி. 2021இல் பாத்திரம் கழுவும் மிஷின் வாங்கினோம். மீன் குழம்புச் சட்டியை மட்டும் அம்மா இன்றுவரை அதற்குள் விட்டதில்லை. மண்சட்டி விஷயத்தில் நானும் அவள் கட்சிதான்.

வாங்கிய எட்டாவது மாதம் ஒருநாள், போட்ட இரண்டு மூன்று நிமிடத்தில் மிஷின் கத்திக்கொண்டு நின்றது. திரையில் குழாய்ப் படம். தண்ணீர் வரவில்லை என்று அர்த்தம்.

“குழாயில தண்ணி நூலு மாதிரி வருது நைனா. நாலு நாளா சொல்லிக்கினு இருக்கேன்” என்றாள் அம்மா.

“உனக்கு மிஷினப் பத்தி என்னாம்மா தெரியும்? நீதான் சோத்துப் பருக்கையோட போட்டு எதையாவது அடைச்சிருப்ப. சென்சார் போயிருச்சு.”

அம்மா பதில் பேசவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கிடந்த பாத்திரத்தை எல்லாம் கையாலேயே தேய்க்க உட்கார்ந்தாள்.

மிஷினுக்குள் வரும் தண்ணீரை அளக்கும் அந்தச் சென்சாருக்குள் ஒரு பிளாஸ்டிக் காற்றாடி, அதில் துளிக் காந்தம், வெளியே ஒரு ரீட் சுவிட்ச். அவ்வளவுதான். தண்ணீர் தள்ளத் தள்ளக் காற்றாடி சுற்றும்; காந்தம் கடந்துபோகும் போதெல்லாம் சுவிட்ச் மூடித் திறக்கும். போர்டு அதை எண்ணி, இத்தனை சுற்றுக்கு இத்தனை லிட்டர் என்று கணக்குப் போடும். சொன்ன நேரத்துக்குள் எண்ணிக்கை தேறவில்லை என்றால் வேலை நிறுத்தம். காற்றாடி உடைந்தாலும் எண்ணிக்கை தேறாது, தண்ணீர் குறைந்தாலும் தேறாது. இரண்டுக்கும் ஒரே படம்தான் திரையில் வரும்.

ரீடிங் விழுந்தால் முதலில் லைனைப் பார், அப்புறம் மீட்டரில் கை வை என்று வேலைக்குப் புதிதாக வரும் பையன்களுக்குச் சொல்லித் தருபவன் நான். வீட்டில் அதைச் செய்யவில்லை. 1,350 ரூபாய்க்குப் புது சென்சார் வரவழைத்து, ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி மாட்டினேன். போட்டேன். மூன்றாவது நிமிடம் அதே கத்தல்.

அம்மா பிறந்தது பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்தில். வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள், “ஏரியில தண்ணி ஏறலன்னா எங்க ஆளுங்க மொதல்ல முகத்துவாரத்தத்தான் போய்ப் பாப்பாங்க” என்றாள். கோடையில் மணல் மேடிட்டு முகத்துவாரம் அடைத்துக்கொண்டால் கடல்நீர் ஏரிக்குள் வராது, இறாலும் வராது. பழவேற்காட்டில் அது குழந்தைக்கும் தெரியும்.

குழாயை மூடி, மிஷினுக்குப் போகும் ஹோஸைக் கழற்றினேன். வால்வின் வாயில் சின்ன வலை ஒன்று இருக்கும். அதில் வெள்ளைச் சுண்ணாம்பு ஏடும் பொடிமணலும். ஹோஸை வாளியில் விட்டுக் குழாயைத் திறந்தால், ஐந்து லிட்டர் நிரம்ப நாலு நிமிடத்துக்கு மேல் ஆனது. அம்மா சொன்ன நூல் இதுதான். மாடிக்கு ஏறிப் பார்த்தேன். டேங்கிலிருந்து இறங்கும் கேட் வால்வு உப்பேறி முக்கால்வாசி மூடிக் கிடந்தது.

எங்கள் போர் தண்ணீர் அப்படி. 1960களிலிருந்து மீஞ்சூர் வட்டாரத்தில் சென்னைக்கும் ஆலைகளுக்குமாக நிலத்தடி நீரை உறிஞ்சியதில் கடல் உள்ளே புகுந்து, பல ஊர்க் கிணறுகள் உவர்த்துவிட்டன. காட்டுப்பள்ளியில் 2010 முதல் நாளுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இருக்கிறது. அந்தத் தண்ணீர் சென்னைக்குப் போகிறது. போதாததற்கு, எங்கள் டேங்க் மிஷினுக்கு மூன்று மீட்டர் உயரத்தில்தான் இருந்தது. பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் என்றால் மூன்று மீட்டருக்கு 0.3 பார். பெரும்பாலான மிஷின்கள் கேட்பதே குறைந்தது 0.3 முதல் 0.5 பார் வரை. நூலிழையில் ஓடிக்கொண்டிருந்ததை உப்பு நிறுத்திவிட்டது.

வால்வை மாற்றி, வலையைக் கழுவினேன். பிறகு நாலடி மேடை கட்டி டேங்கையும் ஏற்றிவிட்டேன். கழற்றிப் போட்ட பழைய சென்சாரில் மல்டிமீட்டரைக் கன்டின்யூட்டியில் வைத்து வாயால் ஊதினேன். சிட்டுக்குருவி மாதிரி கீச்சு கீச்சு என்று கத்தியது. உயிரோடுதான் இருந்திருக்கிறது.

அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அன்று ராத்திரி பாத்திரத்தை எல்லாம் நானே அடுக்கினேன். அவள் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

உங்கள் வீட்டிலும் அந்தக் குழாய்ப் படம் வந்தால், நின்றவுடன் கதவைத் திறந்து அடியில் பாருங்கள். காய்ந்து கிடந்தால் குழாய், வலை, வால்வு என்று வரிசையாகப் போங்கள். தண்ணீர் தாராளமாக நிற்கிறது, ஆனாலும் வரவில்லை என்று மிஷின் சாதிக்கிறது என்றால் அப்போது சென்சாரைச் சந்தேகப்படலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கழற்ற வேண்டும். இரண்டு வயர் இருந்தால் ஊதிப் பார்க்கலாம். மூன்று வயர் இருந்தால் அது பெரும்பாலும் ஹால் சென்சார். மின்சாரம் கொடுக்காமல் ஊதிப் பயனில்லை.

அடுத்த வருடம் மறுபடியும் அதே படம் வந்தது. இந்தத் தடவை வாளிதான் முதலில். ஒரு நிமிடத்தில் ஐந்து லிட்டர் நிரம்பியது, மிஷினின் அடியிலும் தண்ணீர் நின்றது. புது சென்சாரைக் கழற்றினால், போர் குழாயின் துருப்பொடி காந்தத்தில் மீசை போல ஒட்டிக்கொண்டு காற்றாடியை அசையவிடாமல் பிடித்திருந்தது. சுத்தம் செய்யும்போது அச்சு முறிந்துபோனது. இப்போது மிஷினில் ஓடிக்கொண்டிருப்பது நான் செத்துவிட்டது என்று கழற்றிப் போட்ட பழைய சென்சார்.