மீனுக்கு ஏற்ற வைன்

அமெரிக்காவில், ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் கடலுணவு உணவகங்களுக்குப் போனால் நான் முதலில் புரட்டுவது வைன் பட்டியலைத்தான். ஓக் பீப்பாய் வாசம் தூக்கலான ஷார்டொனே, இனிப்பான மொஸ்காட்டோ, மீதியெல்லாம் சிவப்பு. மீனோடு சிவப்பு வைன் குடித்தால் வாயில் கவிச்சி ஏறுகிறதே, அதற்கு வைனிலுள்ள இரும்பு ஒரு முக்கியக் காரணம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009-லேயே காட்டிவிட்டார்கள்.

பிரான்சில் லுவார் ஆறு கடலோடு கலக்கும் பக்கத்தில் விளைகிற மஸ்கடே, சிப்பிக்கென்றே பிறந்த வைன். எலுமிச்சை பிழிந்த மாதிரி புளிப்பு, நாக்கோரத்தில் லேசாக உப்பு. விலையும் கையைக் கடிக்காது. ஸ்பெயினின் அல்பரீனோவும் அப்படித்தான்.

இவற்றில் ஒன்றாவது கிளாஸ் கணக்கில் கிடைத்தால் அந்தப் பட்டியல் தேறும். இல்லையென்றால் மேலாளரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். நாலு பேர் கேட்டால்தான் பட்டியல் மாறும்.