லத்தீனும் என் எக்செல் ஜோசியமும்

பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. அதுக்கு நடுவுல ஒரு ஜோசியமும் பார்த்துத் தொலைச்சேன் மக்கா. கிளி, கைரேகை எல்லாம் இல்லை. எக்செல்.

நான் இப்ப இருக்கிறது லண்டனுக்கு மேற்கே ஒரு ஊர்ல. மாடி வீட்டுல ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவங்க பொண்ணு 2025 கோடையில ஜிசிஎஸ்இ எழுதினா (நம்ம பத்தாவது மாதிரி). அதுல ஒரு பாடம் லத்தீன். தமிழ்ப் புள்ளைக்கு எதுக்கு லத்தீன்னு கேட்காதீங்க, நான் கேட்டு வாங்கிக் கட்டிக்கிட்டேன். ஏ-லெவல்லயும் அதே பாடம் எடுக்கணும்னு அவளுக்கு ஆசை. அதுக்கு அவ ஸ்கூல்ல கிரேடு 7 கேக்கறாங்க. 9 தான் உச்சம்.

"தம்பி, நீங்கள் கம்ப்யூட்டர் ஆள்தானே, ஏழுக்கு எத்தினை மார்க்ஸ் வேணுமெண்டு ஒருக்கா பாத்துச் சொல்லுங்கோ. பிள்ளை சாப்பிடுறாளில்லை" அப்படின்னாங்க அக்கா.

விஷயம் என்னன்னா, இங்க 7-க்கு இத்தனை மார்க்குன்னு முன்கூட்டியே எதுவும் கிடையாது. பேப்பர் எல்லாம் திருத்தின பிறகுதான் கோடு போடுவாங்க. பேப்பர் கஷ்டமா இருந்தா கோடு இறங்கும், ஈஸின்னா ஏறும். கோடு எங்கேன்னு பசங்களுக்குத் தெரியறது ரிசல்ட் அன்னைக்குத்தான்.

ஓசிஆர் போர்டு தளத்துல பழைய கோடுகள் எல்லாம் இருக்கு. மொத்தம் 200 மார்க்: மொழி பேப்பருக்கு 100, இன்னும் ரெண்டு பேப்பருக்கு 50, 50. அள்ளிப் போட்டு கிராஃப் வரைய வேண்டியதுதானேன்னு உட்கார்ந்தேன். அப்புறம்தான் தெரிஞ்சுது. 9-1 முறையில லத்தீன் பரீட்சை ஆரம்பிச்சதே 2018-லதான். 2020, 2021 ரெண்டு வருஷமும் கொரோனாவால பரீட்சையே இல்லை. 2022-ல வேணும்னே கொஞ்சம் தாராளமா போட்டாங்க, 2023-ல திரும்ப இறுக்கிட்டாங்க. எல்லாத்தையும் கழிச்சா மிஞ்சினது 2018, 2019, 2023, 2024. நாலே நாலு புள்ளி! காலேஜ்ல புள்ளியியல் எடுத்த வாத்தியார் பார்த்திருந்தா டிகிரியைத் திருப்பிக் கேட்டிருப்பார்.

சரி, அவங்க எப்படித்தான் கோடு போடறாங்கன்னு படிச்சேன். 7, 4, 1 - இந்த மூணு கோட்டையும் அனுபவசாலி எக்ஸாமினர்கள் விடைத்தாளையும் புள்ளிவிவரத்தையும் பக்கத்துல வச்சுப் பார்த்து முடிவு பண்றாங்க. 5, 6 எல்லாம் நடுவுல சமமாப் பிரிக்கிறதுதான். அந்தப் புள்ளிவிவரத்துக்கு 2024 வரைக்கும் முக்கிய ஆதாரமா இருந்தது, பசங்க 11 வயசுல எழுதின ஆரம்பப் பள்ளித் தேர்வு. இங்கதான் காமெடி. லத்தீன் படிக்கிறதுல பெரும் பங்கு தனியார் பள்ளிப் பசங்க. அவங்கள்ல நிறைய பேர் அந்தத் தேர்வையே எழுதினதில்லை. ஆக லத்தீனைப் பொறுத்தவரைக்கும் அவங்க கணக்கே ஒத்தைக் கால்ல நிக்குது. நான் எம்மாத்திரம்?

இங்க சின்னதா ஒரு கொசுவத்தி. 2015-ல நான் ப்ளஸ் டூ. நம்ம இன்ஜினியரிங் கட்-ஆஃபும் 200-க்குத்தான். பக்கத்து வீட்டு மாமா "இந்த வருஷம் இறங்கும், எழுதி வச்சுக்கோ"ன்னு அடிச்சுச் சொன்னார். அப்பா அதை நம்பி ஒரு காலேஜ் பேரை சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டார். கிடைச்சது வேற காலேஜ். அந்த லீவு முழுக்க ஒரு கல்யாணத்துக்கும் அப்பா வரலை.

இவ்வளவும் தெரிஞ்சும் சொன்னேன் பாருங்க. ஒரு நம்பர் சொன்னேன். அவ பரீட்சை எழுதிட்டு வந்து ஞாபகத்துல இருந்து தனக்கு ஒரு மார்க் போட்டு வச்சிருந்தா. ரெண்டையும் கழிச்சுப் பார்த்து "ஆறு மார்க் மேல இருக்கே, கவலையே படாதே"ன்னுட்டேன். அன்னைக்கு மாடியில புட்டு வாசனை. எனக்கும் ஒரு தட்டு வந்துச்சு.

ஆகஸ்ட் 21, வியாழக்கிழமை. காலையில ஆபீஸ் மீட்டிங் நடுவுல போன்ல போர்டு தளத்தைத் திறந்தேன். கோடு, நான் சொன்னதுக்கு ரெண்டே மார்க் தள்ளி! நாலு புள்ளியை வச்சுக்கிட்டு! உண்மையைச் சொல்றேன், அந்த நிமிஷம் அவ ஞாபகமே வரலை. யார்கிட்டயாவது பீத்திக்கணும் போல இருந்துச்சு.

சாயந்திரம் படிக்கட்டுல அவளைப் பார்த்தேன். கிரேடு 6.

கோடு தப்பலை. தப்பினது அவ மார்க். மொழிபெயர்ப்புக் கேள்வியில பத்தியைத் துண்டு துண்டாப் பிரிச்சு, துண்டுக்கு 5 மார்க்குன்னு, அர்த்தம் எவ்வளவு வந்திருக்குன்னு பார்த்துப் போடுவாங்களாம். ஒரு சொல்லுதானேன்னு அவ விட்ட இடத்துல வாக்கியமே தலைகீழாப் போயிருக்கு. நான் கோட்டை மட்டும் உருட்டி உருட்டிப் பார்த்தேன். அவ சொன்ன நம்பரும் ஒரு குத்துமதிப்புதான்னு எனக்குத் தோணவே இல்லை. ரெண்டு குத்துமதிப்பைக் கழிச்சு வந்ததை ஆறு மார்க்குன்னு சொல்லி ரெண்டு மாசம் அவளை நிம்மதியாத் தூங்க வச்சிருக்கேன்.

"பரவாயில்லை அண்ணா, உங்கட நம்பர் கிட்டத்தட்ட சரிதானே" அப்படின்னா. அதுக்குப் பதில் சொல்லத் தெரியலை மக்கா.

மறுபார்வைக்குப் போடலாமான்னு அக்கா கேட்டாங்க. போடலாம், ஆனா மார்க் குறையவும் வாய்ப்பு உண்டு. அவ வேண்டாம்னுட்டா. ஸ்கூல்ல டீச்சர்கிட்ட நேரா போய்ப் பேசி, எப்படியோ லத்தீன் வகுப்புல இடம் வாங்கிட்டா. அந்தச் சந்தோஷத்தோட கீழ வந்து, "ஏ-லெவலுக்கும் அந்த ஷீட் செய்வீங்களா அண்ணா?"ன்னு கேட்டா.

லேப்டாப் ஃபார்மட் ஆயிடுச்சுன்னு சொல்லிட்டேன்.