பௌர்ணமிக்கு அண்ணாமலை... அமாவாசைக்கு மலையனூர்!

திருவண்ணாமலை - செஞ்சி சாலையில் இருக்கிறது கீழ்பென்னாத்தூர். பௌர்ணமி என்றால் இந்தச் சாலையில் கிரிவலக் கூட்டம். அமாவாசை என்றால் பஸ் ஏறும் திசையே மாறிவிடும்; பக்கத்து விழுப்புரம் மாவட்டத்து மேல்மலையனூர் அங்காளம்மனைப் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள்.

கையில் எலுமிச்சம்பழம், வேப்பிலை. சிலரோடு, 'காத்து கருப்பு அண்டிடுச்சு' என்று வீட்டார் அழைத்துவரும் பெண்களும் இருப்பார்கள்.

சினிமாவுக்கு இதெல்லாம் தீனி. விட்டலாச்சார்யாவின் 'ஜகன்மோகினி' (1978) ஞாபகம் இருக்கிறதா? விறகுக்குப் பதிலாக அடுப்பில் காலை நீட்டுமே பேய்! கிராபிக்ஸ் இல்லாத காலத்து வித்தை அது. அதே காலத்தில் இத்தாலிக்காரர்கள் பேய் பிடித்த கன்னியாஸ்திரிகளை வைத்து, சின்ன பட்ஜெட்டில் கல்லா கட்டினார்கள். 1981-ல் வந்த புரூனோ மத்தேயியின் 'தி அதர் ஹெல்' அந்த ரகம்தான்.

நிஜம் இன்னும் பயங்கரம். பிரான்ஸின் லூடன் ஊரில் கன்னியாஸ்திரிகளுக்குப் பேய் பிடித்ததாகப் பேச்சு கிளம்ப, சூனியம் வைத்தார் என்று உர்பேன் கிராண்டியே என்ற பாதிரியாரை 1634-ல் எரித்தே விட்டார்கள்.

மலையனூர் கதை வேறு. சிவனைப் பிடித்த பிரம்மஹத்தி தோஷமே இங்குதான் நீங்கியது என்கிறது தல புராணம். கடவுளுக்கே பிடித்தது என்றால், நம் வீட்டுப் பெண்ணை ஒளித்துவைக்க என்ன இருக்கிறது? ஊஞ்சல் உற்சவத்தில் ஆயிரக்கணக்கான கைகளில் கற்பூரம் எரியும்போது, தலைவிரித்து ஆடுகிறவளை யாரும் வேடிக்கைப் பொருளாகப் பார்ப்பதில்லை. சினிமா தராத மரியாதை!

ஆனால் வாரக்கணக்கில் தூக்கமின்மை, தனியே பேசுவது, சாப்பிட மறுப்பது என்றால் டாக்டரையும் பார்க்க வேண்டும். மத்திய அரசின் இலவச மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம்.

உற்சவம் முடிந்ததும் பஸ்ஸில் இடம் பிடிப்பது தனி யுத்தம். குழந்தைகளோடு போகிறவர்கள் கொஞ்சம் முன்னதாகவே வெளியே வந்துவிடுங்கள்.