கல்லைத் திருப்பிப் பாருங்கள்!

வீடு கட்டுகிறவர்கள் சமையல் மேடைக் கல் வாங்கப் போவதற்குள் கையிருப்பு கரைந்திருக்கும், கால்களும் ஓய்ந்திருக்கும். 30 வருடம் புழங்கப்போகிற கல்லை அந்தக் களைப்பில் அரை மணி நேரத்தில் முடிவு செய்துவிடுகிறார்கள்.

ஓசூரிலிருந்து ஜிகனிக்குப் போன ஒரு குடும்பத்துக்கும் அப்படித்தான் நேர இருந்தது. சாம்பல் ரேகை ஓடிய வெள்ளைக் கல் ஒன்று மருமகளுக்குப் பிடித்துவிட்டது. "இயற்கைக் கல்தாங்க" என்றார் கடைக்காரர். மாமியார் ஒன்றே ஒன்று கேட்டார்: "ஏம்ப்பா, கொதிக்கிற குக்கரை இறக்கி இதுமேல வைக்கலாமா?"

கடைக்காரர் தயங்கினார். கூட வந்த மேஸ்திரி, அந்தக் கல்லின் வெட்டுத்துண்டு ஒன்றை எடுத்துத் திருப்பினார். மேலே இருந்த ரேகை பக்கவாட்டில் இறங்கவே இல்லை. "இது செஞ்ச கல்லும்மா" என்றார்.

செயற்கை குவார்ட்ஸ் மட்டமான பொருள் அல்ல. அதில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு குவார்ட்ஸ் துகள். மீதி பிசினும் நிறமும். கறை எளிதில் பிடிக்காது. ஆனால், பிசினுக்குச் சூடு ஆகாது. அடுப்பிலிருந்து இறக்கிய வாணலியை நேரே வைத்தால் நிறம் மாறலாம், விரிசலும் விடலாம். கிரானைட் அந்தச் சூட்டை நன்றாகவே தாங்கும். ஆகவே, எது உயர்ந்தது என்பதைவிட, எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பதே முக்கியம்.

முதலில் முழுப் பலகையையும் தள்ளி நின்று பாருங்கள். கிரானைட்டில் ஓரிடம் போல இன்னோரிடம் இருக்காது. புள்ளிகள் அச்சடித்தாற்போல ஒரே சீராக இருந்தால் சந்தேகப்படலாம். அடுத்து, வெட்டிய ஓரம். உள்ளேயும் ரேகை ஓடும் செயற்கைக் கல் இப்போது வருவதால், இந்த ஒரு சோதனையோடு நிறுத்தாதீர்கள். பாலீஷ் போடாத அடிப்பக்கத்தில் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். வெளிர் நிற கிரானைட் பெரும்பாலும் மெல்ல உறிஞ்சிக் கருக்கும், குவார்ட்ஸ் உறிஞ்சாது. மார்பிள் என்றால், வெட்டுத்துண்டில் எலுமிச்சைச் சாறு விட்டால் பளபளப்பு மங்கிவிடும். தொட்டால் ஜில்லென்று இருப்பதை நம்பாதீர்கள். எல்லாக் கல்லும் குளிரும். கடைசியாக, கல்லின் வகையைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

கல்லின் வகை தெரியவேண்டிய இன்னொருவர், அதை அறுப்பவர். கிரானைட் தூசியிலும் சிலிக்கா உண்டு. செயற்கை குவார்ட்ஸில் மிக அதிகம். அது நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் என்ற தீராத நோயைத் தரும். இதனாலேயே ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் செயற்கைக் கல்லுக்குத் தடை விதித்தது. சிங்க் பதிக்க உங்கள் வாசலில் கல் அறுக்கும் தம்பிக்கு, "தண்ணி விட்டு அறுப்பா, நல்ல மாஸ்க்கும் போட்டுக்க" என்று சொல்லுங்கள். குழாயை நீங்களே நீட்டிக் கொடுங்கள்.