கத்திரி வெயிலில் ஒரு கணிப்பொறி

புள்ளலூர், சித்திரை 21

இன்று கத்திரி பிறந்தது. நவரைப் போகத்து நெல் களத்துமேட்டில் காய்ந்துகொண்டிருக்க, தூற்றுகிறவர்களின் முறத்திலிருந்து எழுந்த தூசி தெருவெங்கும் படிந்துகிடக்க, மாடியறையில் உட்கார்ந்திருந்த என் தம்பி மகன் மட்டும் வெயிலையும் தூசியையும் பொருட்படுத்தாதவனாய், தான் வெட்டி ஒட்டி முடித்த கல்யாண வீடியோ ஒன்று முழுப் படமாகத் திரண்டு வருவதை எதிர்பார்த்துக் கணிப்பொறித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரமாகும் என்று கேட்டேன்.

“ரெண்டு மணி பத்து நிமிஷம் ஆகும் பெரியப்பா. ஓவர்கிளாக் பண்ணிட்டா சீக்கிரம் முடிஞ்சிடும்” என்றான்.

32 ஆண்டுகள் பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்றவனுக்கு இப்படியொரு வார்த்தை காதில் விழுந்தால் போதும். அவனிடமிருந்தே விஷயத்தைக் கேட்டறிந்தேன். செயலியின் உள்ளே ஒரு துடிப்பு உண்டு. மூல அதிர்வெண்ணாகிய 100 மெகாஹெர்ட்ஸைப் பெருக்கெண் ஒன்றால் பெருக்க வருவதே அத்துடிப்பின் வேகம். அவனுடையது 2018-இல் வெளிவந்த ஆறு கோர்களையுடைய ரைசன் 5 2600. அடிப்படை வேகம் 3.4 கிகாஹெர்ட்ஸ், ஆறு கோர்களும் ஒருங்கே உழைக்கும்போது இவனுடைய பெட்டியில் 3.7 வரை ஏறவேண்டும். பெருக்கெண்ணை நாமே உயர்த்தி, உற்பத்தியாளர் விதித்த வேகத்துக்கு மேலே செயலியை ஓட்டுவதற்கே ஓவர்கிளாக் என்று பெயர். எல்லா மதர்போர்டுகளும் இதற்கு இடங்கொடா. இவனிடமிருக்கும் பி450 வகை இடங்கொடுக்கும்.

சித்திரை 23

வைத்தியன் முதலில் நாடி பார்க்கவேண்டும் அல்லவா? வேலை நடக்கும்போதே உஷ்ணத்தையும் வேகத்தையும் குறித்துக்கொள்ளச் சொன்னேன். அறையின் உஷ்ணம் 39 டிகிரி, செயலியினுடையதோ 95. இந்தச் செயலிக்கு விதிக்கப்பட்ட உச்சவரம்பே அதுதான். வரம்பைத் தொட்டவுடன் அது தன்னைக் காத்துக்கொள்ளும்பொருட்டுத் தானே வேகத்தைத் தணித்துக்கொள்ளுமாதலால், 3.7-இல் ஓடவேண்டியது 3.2-இல் தள்ளாடிக்கொண்டிருந்தது. இரைக்கிற மாட்டைத் தார்க்குச்சியால் குத்தலாமா என்று கேட்டேன். பையன் பதில் சொல்லவில்லை.

சித்திரை 25

பெட்டியைத் திறந்தோம். செயலியின் சூட்டை வாங்கி வெளிவிடும் ஹீட்சிங்க்கின் அலுமினியத் தகடுகளுக்கிடையே களத்துத் தூசி கம்பளிபோல் அடைந்திருந்தது. விசிறியின் இறகை விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு, உலர்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி, ஊதுகருவியால் ஊதித் தள்ளினோம். பிடிக்காமல் ஊதினால் விசிறி அளவு மீறிச் சுழன்று கெட்டுப்போகும்.

ஹீட்சிங்க்கைக் கழற்றுவதில்தான் அபாயம் இருந்தது. ஆண்டுக்கணக்கில் இறுகிப்போன தெர்மல் பேஸ்ட், செயலியையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். இவ்வகைச் செயலிக்கு அடியிலுள்ள நுண்ணிய கால்கள் வளைந்தால் நிமிர்த்துவது கடினம். ஆகையால் கணிப்பொறியைக் கால்மணி நேரம் ஓட்டிச் சூடேற்றி, நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்து, ஹீட்சிங்க்கை இடமும் வலமுமாக மெல்லத் திருகிய பிறகே தூக்கினோம். பழைய பசையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்து, புதியதைப் பட்டாணி அளவு வைத்தோம். இரண்டு உலோகப் பரப்புகள் எவ்வளவு வழவழப்பாய் இருந்தாலும் நடுவே காற்று தங்கும் நுண்குழிகள் இருக்கவே செய்யும். உஷ்ணத்தைக் கடத்துவதில் காற்றைப்போன்ற சோம்பேறி வேறில்லை. அக்குழிகளை நிரப்புவதே பசையின் வேலை. அதை அப்பிவைப்பதால் லாபமில்லை.

மறுபடி ஓட்டிப் பார்த்ததில் உஷ்ணம் 86. நேரம் 118 நிமிஷம். ஓவர்கிளாக் செய்யாமலே 12 நிமிஷம் கிடைத்தது.

சித்திரை 28

விடியற்காலை ஊர்ப்புறத்து வயல்வெளியில் நடந்தேன். 1781-இல் இவ்விடத்துப் போரில் மாண்ட ஆங்கில அதிகாரிகளின் நினைவுத் தூண்கள் இரண்டும் வழக்கம்போல் மௌனமாய் நின்றன. அதற்கு முந்திய ஆண்டு, செப்டம்பர் 10-ஆம் தேதி, ஹைதர் அலியும் திப்புவும் சூழ்ந்துகொள்ள, கர்னல் பெய்லியின் ஆங்கிலப் படை வெடிமருந்து வண்டிகளை நடுவில் வைத்துக்கொண்டு இங்கே போரிட்டது. அந்த வண்டிகள் தீப்பற்றி வெடித்த பிறகு அப்படையால் தேறமுடியவில்லை. ஒரு யுத்தத்தையும் ஒரு பெட்டிக் கணிப்பொறியையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அளவு மீறிய காரியமென்று அறிவேன். ஆயினும், நெருப்பாகக்கூடியதை நடுவில் வைத்து நான்கு புறமும் அடைத்துக்கொள்வது என்ற எண்ணம் வந்தவுடன், தம்பி மகன் தன் பெட்டியை மர மேஜையின் மூடிய அறைக்குள்ளே தள்ளிவைத்திருப்பது ஞாபகத்துக்கு வர, நடையை விரைவாக்கி வீடு திரும்பினேன்.

விசிறி வெளியே தள்ளிய அனலையே விசிறி மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது! பெட்டியை வெளியே எடுத்தோம். அதோடு, பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவெல்லாம் உமிழும் காங்கிரீட் மாடியறையைவிட்டு, கீழே ஓடு வேய்ந்த கூடத்துக்கே அதை இறக்கினோம். அங்கே நண்பகலிலும் 34 டிகிரிதான். காற்றால் குளிர்விக்கும் எந்தச் சாதனமும் அறையின் உஷ்ணத்துக்குக் கீழே செயலியைக் கொண்டுபோக முடியாது. அறையில் ஒரு டிகிரி குறைந்தால் உள்ளேயும் ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும். காசில்லாமல் கிடைத்த 5 டிகிரி இது.

வைகாசி 2

பையன் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய், கோபுரம்போல் உயர்ந்த கூலர் ஒன்றும் பெட்டிக்கு இரண்டு விசிறிகளும் வாங்கிவந்தான். கூலரில் நான்கு செப்புக் குழாய்கள் ஓடுகின்றன. அவை கெட்டிச் செம்பு என்று நினைத்திருந்தேன், அல்லவாம். உள்ளே காற்று நீக்கப்பட்டு, சிறிதளவு நீர் மட்டும் அடைக்கப்பட்டிருக்கிறது. செயலியின் சூட்டில் அது ஆவியாகி மேலேறி, தகடுகளில் உஷ்ணத்தை விட்டுவிட்டு நீராகி, குழாயின் உட்சுவரிலுள்ள நுண்துளைத் திரி வழியே மறுபடி கீழே வருகிறது. நம் வீட்டு மண்பானையும் நீரை ஆவியாக்கித்தான் குளிர்கிறது; பானை ஆவியைக் காற்றில் இழந்துவிடுகிறது, இக்குழாயோ அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறது. இத்தனை வருஷம் மறைவெப்பம் கற்பித்தவனுக்கு அதன் அழகு இன்றுதான் கைக்கெட்டியது.

முன் விசிறி உள்ளிழுக்க, பின் விசிறி வெளித்தள்ள அமைத்தோம். பழைய கூலர் மேலிருந்து கீழே ஊதியதால், செயலிக்குப் பக்கத்தில் மின்னழுத்தத்தைச் சீராக்கித் தரும் பாகங்களுக்கும் காற்றுப் பட்டது. கோபுரக் கூலரோ பக்கவாட்டில் ஊதுகிறது. ஆகவே பெட்டி விசிறி ஆடம்பரமல்ல, அவசியம். உஷ்ணம் 62, வேகம் குறையாத 3.7, நேரம் 112 நிமிஷம்.

வைகாசி 4

“இப்பவாவது ஏத்தலாமா?” என்று பையன் கேட்டான். முதலில் கணக்கைப் போடச் சொன்னேன். செயலி உமிழும் உஷ்ணம் வேகத்துக்கு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் கூடும். வேகத்தை உயர்த்தினால் அது நிலைகுலையாதிருக்க மின்னழுத்தத்தையும் உயர்த்தவேண்டியிருக்கும். 1.2 வோல்ட்டில் 3.7 என்றிருப்பதை 1.4 வோல்ட்டில் 4.1 ஆக்கினால் வேகத்தில் லாபம் 11 சதவீதம், உஷ்ணத்தில் செலவு 51 சதவீதம். 1.275 வோல்ட்டில் 3.9 என்றால் லாபம் 5, செலவு 19. தாளைப் பார்த்த பையன் முகம் சற்றே சுருங்கியது.

2011-இல் ஒரு செயலியைத் திரவ ஹீலியத்தால் குளிர்வித்து 8.4 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓட்டிக் கின்னஸ் சாதனை படைத்தார்கள் என்று எதிர்வாதம் செய்தான். உண்மைதான், ஆனால் அது சில கணங்கள் நிற்கும் சாகசம், கல்யாண வீடியோவை முடித்துக் கொடுக்கும் பிழைப்பல்ல.

வைகாசி 6

இரவில் எனக்குத் தெரியாமல், மின்னழுத்தத்தைக் கூட்டாமலே பெருக்கெண்ணை 41 ஆக்கிவிட்டிருக்கிறான். காலையில் திரை இருண்டு கிடந்தது. பையன் முகமும் அப்படியே. மின்சாரத்தைத் துண்டித்து, மதர்போர்டிலுள்ள நாணய பாட்டரியைச் சில நிமிஷம் கழற்றிவைத்து மாட்ட, பெருக்கெண்ணைக் குறித்துவைத்திருக்கும் பயாஸ் பழைய நிலைக்கு மீண்டது. கடிந்துகொள்ளவில்லை. திருத்தக்கூடிய பிழையை இளமையில் செய்வது பாடத்தின் ஒரு பகுதியே.

வைகாசி 9

38, 39, 40 என்று ஒவ்வொரு படியாக ஏறினோம். ஒவ்வொரு படியிலும் பிரைம்95 என்ற நிரலை ஓடவிட்டோம். மெர்சென் பகா எண்களைத் தேடப் பிறந்த அந்நிரல், ஒரு கணக்கின் விடை பிசகினாலும் உடனே காட்டிக்கொடுத்துவிடும். 4.0-இல் கணிப்பொறி நின்றுபோகவில்லை, உஷ்ணமும் மிஞ்சவில்லை; ஆனால் நாற்பதாவது நிமிஷத்தில் ஒரு கோர் தவறான விடை தந்தது. விழுந்துவிடும் கணிப்பொறியைவிட, விழாமல் நின்றுகொண்டே தப்பாகக் கணக்கிடும் கணிப்பொறி அபாயமானது. யாரோ ஒருவர் வீட்டுத் தாலிகட்டும் காட்சி அதில் கெட்டுப்போனால் திரும்ப எடுக்கவா முடியும்? மின்னழுத்தத்தை இன்னும் கூட்டிப் பார்க்கலாம் என்றான். அழுத்தம் கூடக் கூடச் செயலியின் ஆயுள் குறையும் என்றேன். 3.9-க்கு இறங்கி, இரவு முழுவதும் பிரைம்95-ஐ ஓடவிட்டோம். ஒரு பிசகும் இல்லை.

வைகாசி 15

கத்திரி கழிந்தது. வீடியோ இன்று 106 நிமிஷத்தில் முடிந்தது, உஷ்ணம் 67. முதல்நாள் 130, ஆக மிச்சமானது 24 நிமிஷம். அதில் 18 நிமிஷம் துடைப்பதிலும், இடம் மாற்றுவதிலும், காற்றுக்கு வழிவிடுவதிலும் வந்தது. ஓவர்கிளாக்கினால் வந்தது 6 நிமிஷம். அந்த ஆறு நிமிஷத்துக்குத்தான் பையன் ஊரெல்லாம் பெருமை பேசுகிறான், பேசட்டும். பெட்டியின் பக்கத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறேன்: “பெருக்கெண் 39. மின்னழுத்தம் 1.275. நெல் தூற்றும் காலத்தில் வாரம் ஒருமுறை தூசி தட்டவும்.”