தெரியாது என்று சொன்ன தொண்டர்

தேர்தல் சமயத்தில் உங்கள் வீட்டு வாசலுக்கும் ஒரு கூட்டம் வந்திருக்கும். முன்னால் வருகிறவர் கை கூப்புவார். பின்னால் வருகிற நாலு பேர் ஆளுக்கொரு நோட்டீஸை நீட்டுவார்கள். நீங்களும் பதிலுக்குக் கை கூப்பி, "சரி, சரி, பார்க்கலாம்" என்று சொல்லியிருப்பீர்கள். அவர்கள் அடுத்த வீட்டுக்குப் போயிருப்பார்கள்; நீங்கள் அடுப்பில் வைத்த பாலைக் கவனிக்கப் போயிருப்பீர்கள். நேயர்களே, உங்களை ஒன்று கேட்கிறேன். அந்தத் தொண்டரிடம் என்றைக்காவது ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி, கேட்டதுண்டா?

நானும் கேட்டதில்லை. மந்திரிகளைக் கேட்டிருக்கிறேன். அபேட்சகர்களைக் கேட்டிருக்கிறேன். அது என் பிழைப்பு. ஆனால் சித்திரை வெயிலில் கொடியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடக்கிற மனிதரை நிறுத்திக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. 2024-ஆம் வருஷத்துப் பாராளுமன்றத் தேர்தல் சமயத்தில் எங்கள் ஆசிரியருக்குத்தான் அது தோன்றியது.

"பெரிய மனிதர்களைப் பேட்டி கண்டது போதும். கொடி பிடிக்கிறவனைப் போய்ப் பாரும். ஏதாவது திருவிழாவாகப் பார்த்துப் போனால் எல்லாக் கட்சிக்காரர்களும் ஒரே இடத்தில் அகப்படுவார்கள்" என்றார்.

ஆசிரியர் சொன்னதில் விஷயம் இருந்தது. நம் ஊரில் தேருக்கும் தேர்தலுக்கும் பெயரில் மட்டும் அல்ல, பருவத்திலும் உறவு உண்டு. 2019, 2021, 2024 ஆகிய மூன்று தடவையும் தமிழ்நாட்டில் வாக்குப் பதிவு ஏப்ரல் மாதத்தில்தான். 2019-இல் ஏப்ரல் 18-ஆம் தேதி வாக்குப் பதிவு. மதுரையிலே அன்றைக்கே மீனாட்சி அம்மன் தேர். ஜனங்கள் தேரையும் இழுக்கட்டும், வோட்டும் போடட்டும் என்று மதுரைக்கு மட்டும் இரவு 8 மணி வரை நேரம் கொடுத்தார்கள்!

அவ்வளவு பெரிய கூட்டத்தில் போய் மாட்டிக்கொள்ள எனக்கு மனம் இல்லை. மேல்சித்தாமூரில் திருவிழா என்று ஒரு நண்பர் சொன்னார். புறப்பட்டு விட்டேன்.

திண்டிவனத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில், செஞ்சி வட்டத்தில் இருக்கிறது மேல்சித்தாமூர். தமிழ்ச் சமணர்களின் தலைமைப் பீடமான ஜினகாஞ்சி மடம் இந்தச் சின்ன ஊரில்தான் இருக்கிறது. பார்சுவநாதர் கோயில் கோபுரமும் அதன் மானஸ்தம்பமும் பார்க்கிறவர்களை நிற்க வைத்துவிடும். இன்னொரு பக்கம் மலைநாதர் கோயில். அங்கே பாறையில் பாகுபலியையும் பார்சுவநாதரையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். நயினார் என்று அழைக்கப்படும் இந்தத் தமிழ்ச் சமணர்கள் தலைமுறை தலைமுறையாக உழுது பயிரிட்டவர்கள். 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கிலே, வடக்கேயிருந்து வந்து குடியேறியவர்களையும் சேர்த்துத் தமிழ்நாட்டுச் சமணர்கள் மொத்தம் 90,000 பேருக்கும் குறைவுதான். ஆனால் திருவிழா என்று வந்துவிட்டால் நயினார் வீட்டுக்காரர்கள் மட்டுமா வருகிறார்கள்? சுற்று வட்டாரமே வந்து கூடுகிறது. வளையல் கடை, பொரிக் கடை, பஞ்சு மிட்டாய், ராட்டினம், வேக வைத்த மல்லாட்டை, குழந்தைகள் ஊதுகிற பீப்பீ எல்லாம் உண்டு.

கட்சித் தொண்டர்களும் இருந்தார்கள். கோயில் வாசலில் அல்ல; வழிபாட்டுத் தலத்தைப் பிரசார மேடையாக்கக் கூடாது என்பது தேர்தல் நடத்தை விதி. ஆகவே கடைத்தெரு ஆரம்பிக்கிற முனையில், புளியமரத்து நிழலில், எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் ஒரே டீக்கடையின் இரண்டு பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். கரை வேட்டிகள்தாம் வேறு, டீ ஒன்றுதான்.

நான் நோட்டுப் புத்தகத்தில் பத்துக் கேள்விகள் எழுதிக்கொண்டு போயிருந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: நேயர்களைச் சிரிக்க வைக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். தொண்டர்கள் திருதிருவென்று விழிப்பார்கள், அதை அப்படியே எழுதிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

முதலில் அகப்பட்டவருக்கு ஐம்பது வயது இருக்கும். "உங்கள் தொகுதி எது?" என்றேன்.

"திண்டிவனம்" என்றார், சற்றும் யோசிக்காமல்.

திண்டிவனம் பாராளுமன்றத் தொகுதி 2008-ஆம் வருஷத்துத் தொகுதிச் சீரமைப்போடு மறைந்து போயிற்று. 2009 முதல் இந்த ஊர் ஆரணித் தொகுதியைச் சேர்ந்தது. போளூர், ஆரணி, செய்யாறு, வந்தவாசி, செஞ்சி, மயிலம் என்று ஆறு சட்டசபைத் தொகுதிகள் அதில் அடக்கம். இதை மெல்ல எடுத்துச் சொன்னேன்.

"எந்தப் பேரா இருந்தா இன்னா சார்? சின்னம் தெரியுமில்ல, அது போதும்" என்றார்.

அடுத்த பெஞ்சில் கல்லூரிப் பையன்கள் மூவர். "பாராளுமன்ற அங்கத்தினருக்கு என்ன வேலை?" என்று கேட்டேன். "எல்லாம் செய்வாரு சார். ரோடு, தண்ணி, தெரு லைட்டு..." என்று ஒருவன் அடுக்கினான். "தெரு விளக்குப் பஞ்சாயத்து வேலை அல்லவா, தம்பி?" என்றேன். "பஞ்சாயத்தையும் சேர்த்து அவரே பார்த்துக்குவாரு!" என்றான். மற்ற இருவரும் கை தட்டினார்கள்.

மூன்றாமவர் பழுத்த தொண்டர். நாற்பது வருஷமாக ஒரே கட்சி. நான் எதைக் கேட்டாலும், "தலைவர் சொல்லிட்டாருங்க" என்றே பதில் வந்தது. தலைவர் என்ன சொன்னார் என்றால், "அதான் சொல்லிட்டாருங்களே!"

மாலை வந்ததும் இன்னொரு வேடிக்கை. சமணர் வீடுகளில் சூரியன் சாய்ந்த பிறகு சாப்பாடு கிடையாது. வெளியூரிலிருந்து வந்த சில தொண்டர்களுக்கு இது தெரியவில்லை. நயினார் வீட்டுச் சாப்பாட்டை நம்பி ஏழு மணிக்குப் போனவர்கள், திரும்பி வந்து டீக்கடையில் பன் வாங்கித் தின்றார்கள். எனக்கு ஒரே குஷி. கட்டுரை தானாகவே எழுதிக்கொண்டு போகிறது என்று நினைத்தேன்.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். ஏழெட்டுப் பேரிடம் பேசியாயிற்று. "எனக்குத் தெரியாது" என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

இந்த வட்டாரத்து ஜனங்கள் அரசியல் தெரியாதவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். 1947-இல் சுதந்திரம் வந்தபோது சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் திண்டிவனம் பக்கத்துக்காரர். 1952-ஆம் வருஷத்து முதல் பொதுத் தேர்தலிலே, பழைய தென்னாற்காட்டு ஜில்லாவில் வேரூன்றிய எஸ். எஸ். ராமசாமி படையாட்சியாரின் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி, சென்னைச் சட்டசபையில் 19 இடங்களைப் பிடித்து எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. பெரிய கட்சிக்காரர்களைக் கேள்வி கேட்டுப் பழகிய பூமி இது.

அந்தப் பூமியின் கேள்வி, ஒரு வெள்ளரிப் பிஞ்சுக் கூடைக்குப் பின்னாலிருந்து வந்தது.

கூடைக்காரக் கிழவிக்கு எழுபத்தெட்டு வயதாம். 1967-இல் முதல் வோட்டுப் போட்டாளாம். அந்த நாளில் வோட்டுப் போட 21 வயது ஆகியிருக்க வேண்டும். நான் நோட்டுப் புத்தகத்தோடு பெஞ்சுக்குப் பெஞ்சு போவதை வெகு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தவள், கூடையை மூடிவிட்டு எழுந்து வந்தாள். வந்தவள் தொண்டர்களைப் பார்த்துக் கேட்டாள்:

"யப்பா, எனக்கு மாசம் ஆயிரத்தி எரநூறு வருது. முன்ன ஆயிரமா வந்துது. அத யாரு குடுக்கறாங்க?"

"எங்க தலைவர்தான் ஆயா!" என்றது ஒரு பெஞ்சு. "டில்லியிலேர்ந்து நாங்கதான் அனுப்பறோம்" என்றது மற்றொரு பெஞ்சு. "இவங்க ரெண்டு பேரும் இல்ல, அந்தக் காலத்துல ஆயிரமா ஒசத்துனதே எங்க அம்மாதான்" என்றார் ஒருவர்.

கிழவி விடவில்லை. "ஒருத்தன் வீட்டாண்ட வந்து, எங்களுக்குப் போடலன்னா நின்னுபூடுங்கறான். இன்னொருத்தனும் அதையேதான் சொல்றான். எனக்கு மாத்திர வாங்கறது அந்தக் காசுதான். நான் யாருக்குப் போட்டா நிக்காது?"

டீக்கடையில் சத்தம் அடங்கிவிட்டது. பிறகு எல்லோரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தார்கள். கிழவி அவர்கள் பக்கமிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நீ படிச்சவனாட்டம் இருக்கறியே. நீ சொல்லு, சாமி."

நேயர்களே, நான் பி.ஏ. படித்தவன். பத்து வருஷமாகப் பத்திரிகையில் எழுதுகிறவன். எனக்கும் தெரியவில்லை. அதைச் சொல்வதுதானே? சொல்லவில்லை. "சர்க்கார் கொடுக்கிறது, பாட்டி" என்றேன்.

"எந்தச் சர்க்காரு?"

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றேன். பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி இருந்தது.

அப்போதுதான் ஓரத்தில் கொடியைச் சுருட்டிக்கொண்டிருந்த ஒரு பையன் எழுந்து வந்தான். இருபத்திரண்டு வயது இருக்கும். அன்று முழுவதும் அவனை நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்கத் தகுந்தவனாக என் கண்ணுக்குப் படவில்லை.

"ஆயா, எனக்குத் தெரியலை. தெரியாம ஒண்ணு சொன்னா தப்பாப் போயிடும். கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்றான். தன் கட்சி நோட்டீஸ் ஒன்றைத் திருப்பி, அபேட்சகரின் சிரித்த முகத்துக்குப் பின்பக்கத்தில் அவளுடைய கேள்வியை எழுதிக்கொண்டான். அவள் வீடு எந்தத் தெரு என்றும் கேட்டு எழுதினான்.

"இப்பிடிப் பேசுனா வோட்டு வுழுமாடா?" என்று கட்சிப் பெரியவர் அதட்டினார். பையன் பதில் சொல்லவில்லை. கிழவி அவன் கையில் இரண்டு வெள்ளரிப் பிஞ்சுகளை வைத்துவிட்டுப் போனாள். எனக்கு ஒன்றும் தரவில்லை. அது நியாயந்தான்.

நான் பையனுடைய டெலிபோன் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டு சென்னைக்குத் திரும்பினேன்.

திரும்பியதும் முதல் வேலையாக அந்தப் பதிலைத் தேடினேன். முதியோர் உதவித் தொகை தமிழ்நாட்டில் 1962-இலேயே ஆரம்பமாயிற்று. மத்திய சர்க்காரின் திட்டம் வந்தது 1995-இல்; அப்போது மாதம் 75 ரூபாய். பின்னர் அது 200 ரூபாய் ஆயிற்று. எண்பது வயது ஆனவர்களுக்கு 500. கிழவிக்கு எண்பது ஆகவில்லை. தமிழ்நாட்டில் 2011-இல் மொத்தத் தொகை 1,000 ரூபாயாக உயர்ந்தது. 2023 ஆகஸ்டு முதல் 1,200. ஆக, மத்தியத் திட்டத்தில் சேர்ந்த, எண்பதுக்குக் குறைந்த ஒருவருக்கு டில்லியின் பங்கு 200 ரூபாய். மீதி 1,000 ரூபாய் மாநிலத்தின் பங்கு. டீக்கடைப் பெஞ்சுக்காரர்கள் ஒவ்வொருவரும் சொன்னதில் ஒரு துண்டு நிஜம் இருந்தது. முழுசாகச் சொன்னவர்தான் யாருமில்லை.

அதைவிட முக்கியமான சங்கதி வேறு. இரண்டு கஜானாவிலும் இருப்பது வரிப் பணம். கிழவி வாங்குகிற சோப்பிலும் அதற்கு ஒரு பங்கு போகிறது. வோட்டுப் போடாவிட்டால் நின்றுவிடும் என்று அபேட்சகரோ அவர் சம்மதத்தோடு மற்றவரோ மிரட்டுவது, 1951-ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி முறைகேடு. அதுவும் தவிர, வோட்டு ரகசியம். யாருக்குப் போட்டாள் என்று யாருக்குத் தெரியப் போகிறது?

இதையெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு பையனுக்கு டெலிபோன் செய்தேன். உபகாரம் செய்யப் போகிறோம் என்ற பெருமை எனக்கு.

"கேட்டுட்டேன் சார்" என்றான். "மறுநாளே தாலுகா ஆபீசுல போய்க் கேட்டேன். ஆயா வீட்டுக்கும் போய்ச் சொல்லிட்டேன். எரநூறு அங்க, ஆயிரம் இங்க, ரெண்டும் நம்ம வரிதான்னு சொன்னேன். யாருக்குப் போட்டாலும் நிக்காது ஆயான்னேன்."

"உங்கள் கட்சிக்குப் போடச் சொல்லவில்லையா?"

"சொன்னேன் சார். அதுக்குத்தானே சுத்தறேன்? ஆனா அதக் கடைசியாத்தான் சொன்னேன்."

"அவள் என்ன சொன்னாள்?"

"'அப்ப நான் எவனையும் பார்த்து பயப்பட வேணாம்ல?'ன்னாங்க. வேணாம்னேன். ரொம்ப நேரம் சிரிச்சிட்டிருந்தாங்க, சார்."

வாக்குப் பதிவு முடிந்த பிறகு ஒரு தடவை அவனோடு பேசினேன். என் புத்தி போகுமா? "கிழவி கடைசியில் யாருக்குப் போட்டாளாம்?" என்று கேட்டுவிட்டேன்.

"அத நான் கேக்கல சார்" என்றான் பையன். "அதக் கேக்கக் கூடாதில்ல?"

என் பத்துக் கேள்விகளில் சிரிப்பு இருந்தது. கிழவியின் ஒரு கேள்வியில் அவளுடைய மாத்திரைக் காசு இருந்தது. எந்தக் கேள்வியைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது, எதற்குத் தெரியாது என்று சொல்ல வேண்டும் என்று எனக்குக் கற்றுக் கொடுத்தவன் கொடி சுருட்டிக்கொண்டிருந்த அந்தப் பையன்.

அடுத்த தேர்தலுக்கும் உங்கள் வாசலுக்குத் தொண்டர்கள் வருவார்கள். பால் பொங்கினால் பொங்கட்டும். ஒரு நிமிஷம் நின்று, உங்களுக்கு மெய்யாகவே வேண்டிய ஒரு கேள்வியைக் கேளுங்கள். அவர்களில் யாராவது ஒருவர், "எனக்குத் தெரியாது, கேட்டு வந்து சொல்கிறேன்" என்று சொன்னால், அவர் எந்தக் கட்சியாயிருந்தாலும் சரி, உள்ளே கூப்பிட்டு ஒரு டம்ளர் மோர் கொடுங்கள்.