படியின் இருபுறமும்

தேயிலைக் கொழுந்து பறிக்க இரண்டு கையும் ஒன்றுபோல ஓடவேண்டும். பாரிசவாதத்தில் மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டால் வலக்கையும் வலக்காலும் தளர்கின்றன. சிலருக்குப் பேச்சும் குழறுகிறது. ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் அதோடு மலைக்குப் போவது நின்றுவிடும்.

வீட்டு வேலை நிற்பதில்லை.

ஆஸ்பத்திரியில் நடை பழக்குவது சமதரையில். திரும்பி வருவதோ சரிவில் நிற்கும் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு. வாசலுக்குக் கல்படி, மழை பெய்தால் பாசி, கொஞ்சம் தள்ளிக் குந்தி இருக்கும் கக்கூஸ். ஒரு பக்கம் தளர்ந்தவருக்குக் குந்தி எழுவதே பெரும்பாடு. படியில் ஏறும்போது பலமான கால் முன்னே, இறங்கும்போது தளர்ந்த கால் முன்னே என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் வலப்பக்கம் தளர்ந்தவருக்கு, ஏறும்போது இடப்புறம் மட்டும் கைப்பிடி இருந்தால்? ஏறும்போது நல்ல கைக்கு எட்டிய அதே குழாய், இறங்கும்போது தளர்ந்த கைப்பக்கம் போய்விடும். இறங்கப் பயந்து காம்பராவுக்குள்ளேயே கிடப்பவரைச் சோம்பேறி என்பது அநியாயம். காயப்பட்ட மூளைக்குச் சட்டை போடுவதுகூடக் களைப்புத்தான். தளர்ந்த கையை முதலில் நுழைத்து, கழற்றும்போது கடைசியில் எடுத்தால் அந்தப் பாடு குறையும்.

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டாப் வகுத்த பயிற்சியில், நல்ல கைக்கு உறை மாட்டித் தளர்ந்த கையை வேலை வாங்குகிறார்கள். 222 பேர் பங்கேற்று 2006இல் வெளியான ஆய்வில், இரண்டு வாரப் பயிற்சியின் பலன் ஓராண்டு கழித்தும் தெரிந்தது. மணிக்கட்டிலும் விரலிலும் கொஞ்சம் அசைவு மிஞ்சியவர்களுக்கே அது பொருந்தும். அந்தப் பயிற்சியை அப்படியே லயத்தில் நடத்த முடியாது. ஆனால் தளர்ந்த கைக்குத் தினமும் வேலை கொடுக்க முடியும். காலை ரொட்டிக்குக் கோதுமை மா பிசையவேண்டுமே! அம்மாவுக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று மகள் மாச்சட்டியை வாங்கிக்கொள்கிறாள். அன்புதான். ஆனாலும் நெருப்பை மகள் பார்த்துக்கொண்டு, மாவை அம்மாவிடம் விடலாம்.

திகணையிலும் ராகமையிலும் புனர்வாழ்வு ஆஸ்பத்திரிகள் உண்டு. மலையிலிருந்து அங்கே போய்வரத் துணைக்கு ஒருவர் அன்றைய பேரை, அதாவது நாட்சம்பளத்தை, விட்டுவிட்டு வரவேண்டும்.

மலையிலேயே இருக்கும் டிக்கோயா கிளங்கன் ஆஸ்பத்திரிக்கு இந்திய உதவியில் கட்டிய 150 கட்டில் கட்டடம் 2017 மே 12இல் திறக்கப்பட்டது. அன்றே நோர்வூட் கூட்டத்தில், மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகள் என்று இந்தியப் பிரதமர் அறிவித்தார். அப்படிக் கட்டும் வீடுகளின் வரைபடத்திலேயே படியின் இருபுறமும் இரும்புக் குழாய், உட்காரக்கூடிய உயரத்தில் கக்கூஸ், அதன் அருகே பிடித்து எழ ஒரு கம்பி, இவை மூன்றும் இருக்கவேண்டும். கட்டும்போதே போட்டால் செலவு சொற்பம். பிறகென்றால், ஒருவர் சம்பளம் நின்றுபோன குடும்பம்தான் அதற்கும் கடன் வாங்கவேண்டும்.